கந்தோர் ஜன்னலில் ஆளில்லை

இன்ஷாப் எடுத்த படத்தில் ஒரு குறையாவது இருக்கும் என்றுதான் அகீல் மூன்று நாட்களாக அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். கிளிவெட்டிப் பக்கம் வயலோரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய தபால் கந்தோர். பொரிந்த சுண்ணாம்பு, பாசி ஏறிய ஓடு, துருக்கம்பி போட்ட ஒரேயொரு ஜன்னல், அதன்மேல் சாய்ந்து விழும் அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில். இணையத்தில் ஆயிரத்து இருநூறு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். அகீலின் சொந்த உம்மாவும் அதில் ஒருவர்.

நாலாம் நாள் குறை கிடைத்தது. ஜன்னல் இருட்டுக்குள் ஒரு ஆள் நின்றான். தோள், கழுத்து, கொஞ்சம் திறந்த வாய்.

அகீல் சந்தோஷத்தில் இரண்டு பிளேன்டீ குடித்தான். டவுனில் அவனும் இன்ஷாப்பும் இருக்கும் படப்பிடிப்புக் கழகம் அச்சடிக்கும் கலண்டருக்கு ‘ஆளில்லாக் கட்டிடங்கள்’ என்பதுதான் தலைப்பு. ஒரு ஆள் தெரிந்தாலும் படம் கழிவு. அட்டைக்குத் தெரிவானது இன்ஷாப்பின் படம். அது கழிந்தால் அகீலுடையது. கழகச் செயலாளர் சப்ரினாவுக்கு உடனே அழைப்பெடுத்தான்.

“அது ஆளில்ல அகீல். பொரிஞ்ச சுண்ணாம்பு.”

“சுண்ணாம்புக்கு வாய் இருக்குமா?”

“உங்கட வாயப் பார்த்தா எதுக்கும் இருக்கும் போல. சரி, அதே இடத்தில ஒரு ஆள நிப்பாட்டி, அதே மாதிரி எடுத்து அனுப்புங்க. ரெண்டும் ஒண்டுபோல இருந்தா நான் இன்ஷாப்போட கதைக்கிறன். இண்டைக்கு மஹ்ரிபுக்கு முன்னம், பொழுது படுறதுக்குள்ள. பிறகு ஏலாது.”

நிறுத்துவதற்கு ஆள் தேடினான். கூட்டாளிமார் எல்லோருமே இதயம் போட்டவர்கள். அவர்களைக் கேட்க மனம் வரவில்லை. தன்னையே நிறுத்திக்கொள்வதாக முடிவெடுத்து, கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனான்.

புல்லுக்குள் மூன்று குழிகள் இருந்தன, இன்ஷாப்பின் முக்காலி ஊன்றிய தடம். அகீல் தன் முக்காலியின் கால்களை அதே குழிகளில் இறக்கினான். அளந்து தோண்டியதுபோல் பொருந்தின. வயலில் அறுவடை முடிந்து, வைக்கோல் மணமும் சேற்று மணமும் கலந்து வந்துகொண்டிருந்த காற்று, கந்தோர்ச் சுவரை நெருங்க நெருங்க மெலிந்து, வாசற்படியோடு நின்றுவிட்டது. கட்டிடம் படத்தைவிட அழகாக இருந்தது. இதை முதலில் தான் கண்டிருக்கக்கூடாதா என்று நினைத்தபடியே கமராவை முக்காலியில் பூட்டினான்.

கமரா தானாக எடுக்கப் பத்து விநாடி வைத்துப் பட்டனை அமத்திவிட்டு ஓடினான்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

ஆளில்லாத இடமானாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைவான். உம்மா பழக்கிய பழக்கம், கால் வாசலைத் தாண்டினால் வாய் தானாகச் சொல்லும். உள்ளே முத்திரைப் பசையின் மெல்லிய இனிப்பு வாடை அடித்தது, இப்போதுதான் யாரோ நக்கி ஒட்டியதுபோல ஈரமாக. ஜன்னலில் நின்றான். வெளியே கமராவின் சிவப்பு விளக்கு மினுங்கியது. கிளிக்.

வெளியே வந்து கமராவில் விழுந்த படத்தைப் பார்த்தான். ஜன்னல் வெறுமையாக இருந்தது.

பின்னுக்கு நின்றிருப்பேன் என்று நினைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்ஷாப்பின் படத்தைப் போனில் திறந்தான். அதில் இருந்த ஆள் சற்றுத் தெளிந்திருந்தான். கட்டம் போட்ட சேர்ட். அகீல் குனிந்து தன் சேர்ட்டைப் பார்த்தான். கட்டம் போட்ட சேர்ட் நாட்டில் இலட்சம் பேரிடம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டாம் தரம். ஸலாம் சொன்னான், மூச்சு வாங்கியது. கம்பியை இறுக்கிப் பிடித்து முகத்தை வைத்து அழுத்தினான். துரு நெற்றியில் குளிர்ந்தது, வெயிலில் காய்ந்த இரும்பு எப்படிக் குளிரும் என்று யோசிப்பதற்குள் கிளிக்.

வெறும் ஜன்னல்.

இன்ஷாப்பின் படத்தில் இப்போது விரல்கள். கம்பியைச் சுற்றி, எட்டு.

போய்விடலாம். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அந்த விரல்களோடு, அந்தத் திறந்த வாயோடு, இன்ஷாப்பின் படம் முன்னையைவிட அழகாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் தரம் ஓடினான். ஸலாம் சொல்ல மறந்துவிட்டான்.

ஜன்னலில் நின்ற பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சொந்த வீட்டுக்குள் வருகிறவன்போல வந்துவிட்டோமே என்றிருந்தது. சிவப்பு விளக்கு மினுங்கியது. எண்ணினான். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

விளக்கு நிற்கவில்லை.

கையை எடுக்கப் பார்த்தான். கம்பி விடவில்லை. விரல்களில் உணர்வில்லை. வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓட்டில் ஒரு காகம், சத்தமில்லாமல். பசை வாடை.

நாற்பது. நாற்பத்தொன்று.

முதுகுக்குப் பின்னால் வாசலில் செருப்புச் சத்தம். ஓடி வந்தவனின் மூச்சு.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் பழக்கத்துக்குச் சொல்கிற தொனி. அகீலின் சொந்தக் குரல், முதல் தரம் வந்தபோது சொன்னதேதான்.

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. அதுவும் உம்மா பழக்கியதுதான். வாய் கொஞ்சம் திறந்தது.

வெளியே, கிளிக்.