ஆறு மணிக்கு முன்னால் வாசிக்காதே!

செல்போன் அலறியது!

முற்பகல் பதினொன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில், ஒரு ஃப்ரேமுக்குக் கடுகளவு திருகாணியைப் பொருத்திக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டாள். திருகாணி கை தவறித் தரையில் எங்கோ ஓடியது.

தம்பியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டைவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு போனையே எடுக்காதவன்.

காதில் வைத்தாள்.

"அக்கா... நான் ரயில்ல இருக்கேன். கொஞ்ச நாள் யாரும் என்னைத் தேட வேணாம். பேண்டும் வேணாம், பாட்டும் வேணாம். நான் நல்லா இருக்கேன்க்கா..."

அவ்வளவுதான்.

அக்காவா?

பேசக் கற்ற நாளிலிருந்து அவன் அவளைக் கூப்பிடுவது 'தடிச்சி'. அவளுக்கு அவன் 'குருவி'. 'அக்கா' என்ற சொல் வருவது நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் மட்டும்தான்!

மறுபடி கேட்டாள். மறுபடி...

நான்காவது முறை கேட்டபோதுதான் கவனித்தாள். அவளுடைய தொண்டை தானாக முனகிக்கொண்டிருந்தது. ம்ம்ம்ம்... ஒரே சுரம்.

எதனோடு சேர்ந்து முனகுகிறேன் நான்?

அவன் குரலுக்குப் பின்னால்... மெல்லிசாக... நிற்காமல்... ஊஊஊ...

எக்ஸாஸ்ட் ஃபேன்!

அது ரயில் இல்லை. அவர்களுடைய ரிகர்சல் ரூம்!

'ஈரத் தீக்குச்சி' நான்கு பேர் கொண்ட சைகடெலிக் ராக் பேண்ட். கிடார் தம்பி, பேஸ் கிடார் அவள். பழைய ஆர்கனுக்குள் ஜாஸ் தாளம், அதற்குள் பாலைவனத்துக் கிடார், அதற்குள் ரேடியோவின் கரகரப்பு என்று எல்லாவற்றையும் குழைத்து அடிப்பவர்கள். எந்தக் கம்பெனியும் சீண்டாததால் தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிட்டார்கள். கேட்க நாற்பது பேர் வருவார்கள். அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள்.

ரிகர்சல் ரூம் ஒரு கட்டடத்தின் நிலவறை. அங்கே இருந்த ஃபேனை நிறுத்த வழியில்லை. அது கட்டடத்தின் மெயின் லைனோடு சேர்ந்தது. அதன் முனகல் எந்தச் சுரத்திலும் சரியாக உட்காராமல் அரைக்கால் இறங்கி ஒலிக்கும்.

'நிறுத்த முடியலேன்னா அதுக்கே சுருதி சேர்த்துடுவோம்!' என்றான் தம்பி. ஆறு வருடமாக அப்படித்தான். கேட்டுக் கேட்டு, அப்படி ஒரு சத்தம் இருப்பதையே நான்கு பேரும் மறந்துபோனார்கள்.

தம்பியை அங்கே வைத்துப் பேச வைத்தவனும் மறந்திருக்கிறான்.

அப்படியானால்... அவன் எங்களில் ஒருவன்!

டிரம்ஸ் வாசிப்பவனுக்கு முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டதால் 'தாத்தா' என்று பெயர். சனிக்கிழமைதான் தம்பியிடம் கத்தினான். "சோலோவை இன்னும் ஒரு நிமிஷம் இழுத்தே, விரலை ஒடிச்சிடுவேன்!"

தாத்தாவின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

கீபோர்டுக்காரனை அழைத்தாள். தாடியும் அமைதியும் சேர்ந்து அவனுக்கு வாங்கித் தந்த பெயர், 'சாமியார்'. எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு உட்காருகிறவன்.

"சாமி! குருவி ஊரைவிட்டுப் போகலை. ரூம்ல இருக்கான். யாரோ மிரட்டிப் பேச வெச்சிருக்காங்க!"

"பதறாதே. எப்படிச் சொல்றே?"

"மெசேஜ்ல நம்ம ஃபேன் சத்தம் கேக்குது."

"ஃபேனா... அட ஆமா, ஃபேன் இருக்குல்ல?"

"தாத்தா மேலதான் எனக்குச் சந்தேகம். போன் ஆஃப்ல இருக்கு. பயமா இருக்குடா..."

"போலீசுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ நேரா ரூமுக்கு வந்துடு. வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே. தாத்தா காதுக்குப் போயிடும்."

அவள் ஓடினாள்.

கட்டட வாசலில் போலீஸ் ஜீப்!

அப்பாடா... சாமியார் சொன்னால் சொன்னதுதான்!

ஜீப்பில் யாரும் இல்லை. கீழே இறங்கியிருப்பார்கள். தரைத்தளத்துப் பல் டாக்டரின் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். பழக்கதோஷம். 'நீங்க பாடுறது எனக்குக் கேக்கலை. ஆனா அந்தப் பேஸ் கிடார் அடிச்சா என் கையில ட்ரில்லு டான்ஸ் ஆடுது!' என்று பதினேழு முறை புகார் கொடுத்தவர் அவர். கடைசியில் ஸ்டேஷனுக்குப் போய், ஆறு மணிக்கு முன்னால் பேஸ் வாசிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

படி இறங்கினாள். சாவி போட்டாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு போலீஸ்காரர்கூட இல்லை.

ஃபேன் மட்டும் முனகியது.

"குருவி..."

சுவரோரம் சாய்த்திருந்த ஸ்பாஞ்சு பலகைக்குப் பின்னால் ஏதோ உராய்ந்தது. இழுத்தாள்.

தம்பி!

வாயில் டேப். மணிக்கட்டைச் சுற்றிக் கிடார் கேபிள். பாதி செருகிய கண்கள்.

"டேய்! என்னடா இது... இருடா, இருடா..." கேபிளின் முடிச்சு அவளுடைய விரல்களுக்கு அகப்படவில்லை. சின்ன வயதில் பயந்தால் அவளுடைய பின்னல் நுனியைப் பிடித்துக்கொள்வான். இப்போதும் அவனுடைய விரல்கள் எதையோ தேடின.

அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால் பார்த்தன.

க்ளிக்!

கதவின் தாழ்ப்பாள்.

"நீ வர்றதுக்குள்ள நான் வந்திடலாம்னு பார்த்தேன்" என்றான் சாமியார். அதே மெல்லிய குரல். "டிராஃபிக்."

"சாமி... போலீஸ் எங்கே?"

"சொல்லலை."

"வாசல்ல ஜீப்..."

"நானும் பார்த்தேன். பயந்துட்டேன். ஆனா காலியா நிக்குது. வேற யாருக்கோ வந்திருக்கு."

மைக் ஸ்டாண்டின் இரும்புத் தண்டைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

"ஏண்டா?"

"ஞாயித்துக்கிழமை ப்ரோகிராம் முடிஞ்சு நீயும் தாத்தாவும் முன்னாடியே கிளம்பிட்டீங்க. வேனை நான்தான் ஓட்டினேன். சைக்கிள்ல ஒருத்தர் குறுக்கே வந்தார். நான் நிறுத்தலை. மறுநாள் காலையில பேப்பர்ல அவர் போட்டோ, செத்துட்டார்னு. இவன் பக்கத்துல இருந்தான். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியே தீருவேங்கிறான். நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். தெரியுமா?"

"நான் பேசறேன்டா அவன்கிட்ட..."

"ரயில்ல போனவன் போனவனாவே இருந்திருப்பான். நீதான் எனக்கு போன் பண்ணினே."

நானேதான். எலியைக் காட்டிக் கொடுக்கப் பூனைக்கே போன் போட்டிருக்கிறேன்.

"கத்தணும்னா கத்து" என்றான் பரிவாக. "சுவர் பூரா ஸ்பாஞ்சு. நீயே ஒட்டினது."

அவள் பின்வாங்கினாள். ஓர் அடி... இரண்டடி... முதுகில் ஆம்ப்ளிஃபயர் இடித்தது. பக்கத்தில் அவளுடைய பேஸ் கிடார், எப்போதும் வைக்கும் இடத்தில், ஒயர் செருகியபடி.

பேண்டில் பேஸ் வாசிப்பவளை யாருக்கும் தெரியாது. கிடாருக்குக் கைதட்டுவார்கள், பாடினால் விசிலடிப்பார்கள். பேஸ், அந்த ஃபேனைப் போல. இருப்பது தெரியாது. அவளே பல நாள் யோசித்திருக்கிறாள், நான் வாசிப்பது யாருக்காவது கேட்கிறதா?

ஒருவருக்குக் கேட்கிறதே!

பதினேழு புகார்!

முதுகுக்குப் பின்னால் ஸ்விட்சைத் தட்டினாள். வால்யூமைக் கடைசிவரை திருப்பினாள். கிடாரை இழுத்து, தடித்த கம்பியை உள்ளங்கையால் அறைந்தாள்.

த்த்தூம்ம்ம்!

தரை அதிர்ந்தது. சிம்பல் தானாகச் சிணுங்கியது.

"என்ன பண்றே?" சாமியார் சிரித்தான். "இதுவும் வெளியே..."

த்தூம்ம்ம்! த்தூம்ம்ம்!

சிரிப்பு நின்றது. அவனுடைய கண்கள் கூரைக்குப் போயின.

"நிறுத்துடி!"

தண்டு பாய்ந்தது. கிடாரைக் குறுக்கே நீட்டினாள். மரம் பிளந்தது. கம்பி அறுந்து கன்னத்தைக் கிழித்தது. மீதி மூன்று கம்பிகளை வெறிகொண்டு அறைந்தாள். த்தூம்! த்தூம்! த்தூம்!

கதவு இடிபட்டது.

"திறங்க! இல்லேன்னா உடைப்பேன்!"

சாமியார் உறைந்தான். ஒரே நொடி. அப்புறம் பலகையைத் தம்பியின் மேல் சாய்த்தான். தண்டை ஸ்டாண்டில் செருகினான். தாடியைத் தடவிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"மன்னிக்கணும் சார். ரிகர்சல். கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு."

வாசலில் இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டையின் மேல் பல் கிளினிக்கின் நீலத் துணி. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. பின்னால் கையுறையோடு பல் டாக்டர்.

"இவங்கதான் சார்! தினமும் சொல்றேன்ல!"

அவள் வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

"கன்னத்துல என்னம்மா ரத்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கம்பி அறுந்துடுச்சு சார்" என்றான் சாமியார். "இனிமே ஆறு மணிக்கு முன்னாடி வாசிக்க மாட்டோம்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஒரு படி ஏறினார்...

குரல் வராவிட்டால் என்ன? கால் இருக்கிறதே! ஓங்கி உதைத்தாள்.

பலகை சரிந்தது.

கேபிளில் கட்டுண்ட தம்பி, பகல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டினான்.

அடுத்த பத்தாவது நொடியில் சாமியாரின் கையில் விலங்கு. டேப்பை உரித்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை:

"தடிச்சி... கிடாரை உடைச்சிட்டியேடி!"

அவள் அழுதாள். பின்னல் நுனியை அவனுடைய கையில் கொடுத்துவிட்டு அழுதாள்.

பல் டாக்டர் முன்னால் வந்தார். "ஆபத்துன்னா தாராளமா வாசிங்கம்மா. நான் இருக்கேன். பார்த்தீங்களா சார், என் புகாராலதான் ரெண்டு உயிர் தப்பிச்சிருக்கு!"

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சொத்தையே இல்லாத, பளிச்சென்ற வெள்ளைப் பல்!

"முதல் 'தூம்'க்கு உங்க கை ஆடினதுல வந்தது இது. என் நல்ல பல்லு! விபத்து, கடத்தல், கொலை முயற்சி... அதுக்கெல்லாம் அவனுக்கு ஜாமீன் கிடைச்சாலும் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது டாக்டர்!"