கொஞ்சம் தள்ளிக்கோ

ஆய்வுக்கூடம் கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தது. மதிய வெயில் கண்ணாடி வழியாக இறங்கி மேசைகளைச் சுட வைத்திருந்தது. ஸ்பிரிட் வாசனை. அதற்கு அடியில், யாரோ கழுவாமல் விட்ட சோதனைக் குழாயின் வாசனை. ஒரு வருடத்தில் எதுவும் மாறவில்லை. அவன் தோளில் பையும் சட்டைப் பையில் மாத்திரை டப்பாவுமாக உள்ளே வந்தான்.

நோய் எதிர்ப்பியல் தாளை அவன் மறுபடி எழுத வேண்டியிருந்தது. போன வருடம் அந்தத் தேர்வு நடந்த அன்று அவன் அறுவை மேசையில் கிடந்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். மிச்சம் சோடாபுட்டி ஒருவன்தான். அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை. பாடம்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"வாடா மாப்ளே" என்றான் சோடாபுட்டி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வகுப்பிலேயே கல்யாணம் ஆனவன் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அவன் மனைவியும் இதே வகுப்புதான். இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்பாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுடைய சிறுநீரகங்கள் கைவிட்டபோது, சொந்தக்காரர்கள்தான் தானம் தரலாம் என்றது மருத்துவமனை. அவள் அவனைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப சொந்தம்தானே, எடுத்துக்கோ" என்றாள். அவள் அம்மா கல்யாணத்துக்கும் வரவில்லை, அறுவைக்கும் வரவில்லை.

இருவருக்கும் தையல் ஆறியது. பிறகு ஒரு மழைநாள், ஒரு பேருந்து. அவ்வளவுதான்.

அவளில் மிச்சம் இருந்தது அவனுடைய வலது அடிவயிற்றில் இருந்தது.

வகுப்பு எடுக்கிற மேடம்தான் அவனுக்கு மருத்துவரும். முதல் வகுப்பிலேயே சொன்னார். உடம்பு கேட்பது ஒரே கேள்விதானாம்: இது நானா, வேறு ஆளா? வேறு ஆள் என்று தெரிந்தால் விடாது. அவனுடைய மாத்திரைகள் அந்தக் காவலுக்குக் கொடுக்கிற தூக்க மருந்து. ஒரு வேளை தவறினால் காவல் விழித்துக்கொள்ளும். அவளை அடித்தே கொன்றுவிடும்.

அதனால் மற்றவர்கள் பாடத்தைப் படித்தார்கள். அவன் எதிரியைப் படித்தான். அவளைப் பேருந்துக்கு ஒருமுறை பறிகொடுத்தாயிற்று. தன் ரத்தத்துக்கு இன்னொரு முறை பறிகொடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை அவன் அறைக்கு வருவார். கல்யாணத்துக்கு வராத அவள் அம்மாதான். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க மாட்டார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, சட்டைக்கு மேலேயே அவன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைப்பார்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா அத்தை."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் போய்விடுவார்.

ரத்த வகை பார்க்கிற செய்முறை வந்தது. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். வெள்ளை ஓட்டில் இரண்டு சொட்டு ரத்தம், பக்கத்தில் ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று என இரண்டு சொட்டு மருந்து, ஒரு குச்சியால் கலக்க வேண்டும். எந்தச் சொட்டு மணல்மணலாகத் திரிகிறதோ அதுதான் வகை; எதுவுமே திரியாவிட்டால் ஓ. அவன் பி. பிறந்ததிலிருந்து பி.

கலக்கினான். எதுவும் திரியவில்லை. இரண்டு சொட்டும் மழமழவென்று கிடந்தன.

"என்னடா, ஓ-ன்னு காட்டுது?" என்றான் சோடாபுட்டி. "மருந்து கெட்டுப்போச்சு போல." அதே மருந்தில் தன் விரலைக் குத்திக் கலக்கினான். அவனும் பி. உடனே திரிந்தது.

அவன் மறுபடி குத்தினான். மறுபடியும் மழமழவென்றுதான்.

ஓ அவளுடைய வகை.

சிறுநீரகம் மாறினால் ரத்த வகை மாறாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் ரத்தத்தை இயந்திரத்தில் சுழலவிட்டு, மேலே தெளிந்த மஞ்சள் நீரை எடுத்து, சோடாபுட்டியின் சொட்டில் விட்டான். பி ரத்தத்தின் நீர் பி ரத்தத்தைத் தொடக்கூடாது. இரண்டும் ஒரே வகை.

ஓட்டின் மேல் ரத்தம் சின்னச் சின்னக் கட்டியாக உடைந்தது. ஓ ரத்தத்தின் நீர்தான் பி-யை இப்படி அடிக்கும்.

"எங்கிட்ட உனக்கு என்னடா கோபம்?" என்று சிரித்தான் சோடாபுட்டி. அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு உடம்பு உதிர ஆரம்பித்தது. முதலில் வாயில் புண். அப்புறம் தோளிலும் முதுகிலும் தோல் சிவந்து உரிந்தது. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. காலையில் விரலை மடக்க முடியவில்லை. கட்டிலின் நடுவில் படுப்பான். எழும்போது விளிம்பில், விழுகிற மாதிரி கிடப்பான்.

சுவரோரம் விரிப்பு கதகதப்பாக இருக்கும்.

மேடம் அவன் தோலில் ஒரு துணுக்கும் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கும் எடுத்தார். முடிவு வந்ததும் அவனைக் கூப்பிட்டார். "நீயே பாரு, பரீட்சைக்கும் உதவும்."

ஒளிரும் மைக்ராஸ்கோப் இருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கதவுக்கு உள்பக்கம் கறுப்புத் திரை. நடுப்பகலிலும் அங்கே தன் கையே தெரியாது. பழைய துணி வாசனை. இயந்திரத்தின் மெல்லிய முனகல். இருட்டில் மேடத்தின் குரல் மட்டும் வந்தது. பச்சையாக எரிகிற இடத்தில் எல்லாம் உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தமாம்.

முதல் கண்ணாடித் துண்டில் அவன் தோல். குனிந்தான்.

காடு பற்றி எரிகிற மாதிரி இருந்தது. ஒரு இடம் மிச்சமில்லாமல் பச்சை.

"அடுத்தது கிட்னி" என்றார் மேடம்.

கறுப்பு. சுத்தமான, அமைதியான கறுப்பு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"உன் உடம்பு அவளை விட்டுடுச்சுப்பா. உன்னைத்தான் வேற ஆள்ங்குது. எனக்கு விளங்கலை. மருந்து கூட்டியும் கேக்கலை. அவ கிட்னியை எடுத்துடணும். எடுத்தா நீ பிழைப்ப. டயாலிசிஸ் மிஷின்ல ஓட்டலாம். யோசிச்சுச் சொல்லு. விளக்கைப் போடறேன், இரு."

செருப்புச் சத்தம் கதவை நோக்கி நகர்ந்தது.

அவன் கண்ணை எடுக்கவில்லை.

பக்கத்து ஸ்டூல் கிறீச்சென்றது.

விலாவில் ஒரு இடி.

காதோரம், சூடாக:

"கொஞ்சம் தள்ளிக்கோ."

விளக்கு எரிந்தது. பக்கத்து ஸ்டூல் காலி. அவன் தன் ஸ்டூலின் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தான்.

எப்போது நகர்ந்தான் என்று தெரியவில்லை.

வார்டில் சேர்த்தார்கள். அவன் யோசித்தான். அவள் இல்லாமல் அவன் எதற்கு என்று முதலில் நினைத்தான். ஆனால் உடம்பு என்பது வெட்கம் கெட்டது. புண்ணான வாயால் தண்ணீர் குடிக்கும்போது, இன்னொரு வாய் வேண்டும் என்றது. அழுதான். வலது அடிவயிற்றில் கை வைத்து, மன்னித்துவிடு என்றான்.

மாலை அத்தை வந்தார். அவன் சொன்னான். எடுக்கச் சொல்லப் போகிறேன் அத்தை, என்னால் முடியவில்லை.

அத்தை திட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். எதையோ கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்திருந்தார்.

மேடம் வார்டைச் சுற்றி வந்தார்.

"என்ன முடிவு பண்ணின?"

எடுத்துடுங்க மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"வேணாம் மேடம். இப்ப நல்லாத்தான் இருக்கு."

அவன் குரல்தான். ஆனால் சொன்னது அவன் இல்லை.

மேடம் அவனை உற்றுப் பார்த்தார். காலையில் மறுபடி கேட்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அவன் கத்தினான். உதடு அசையவில்லை. கையை ஆட்டினான். கை போர்வைக்கு மேல் சும்மா கிடந்தது. உடம்பு தானாகவே நகர்ந்து கட்டிலின் நடுவில் வசதியாகப் படுத்துக்கொண்டது. விளிம்பு என்று ஒன்று அவனுக்கு இனி இல்லை.

"அம்மா" என்றது வாய். "பயந்துட்டியா?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"மெதுவாப் பேசுடி" என்றார். "மாப்ள தூங்கட்டும்."