போதும்னு யார் சொன்னது?

பள்ளியில் அவனை முட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் அவன் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவனுக்கு அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. சில நேரம் அடிபடாமலேகூட முட்டிக்குள் ரத்தம் கசிந்து, பந்துபோல வீங்கிவிடும். அதனால் எல்லோரும் அவனை முட்டையைப்போல ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அதில் முதல் ஆள் அம்மா. அவன் மாடிப்படியில் வேகமாக ஏறினால், "போதும்!" பந்தைத் தொட்டால், "போதும்!" சோறு போடும்போது மட்டும் அந்த வார்த்தை அம்மாவுக்கு மறந்துபோகும்.

முட்டைக்கு நீச்சல் கற்க ஆசை. "உடம்பு எவ்வளவு தாங்கும்னு அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் டாக்டர். அந்த நாள் இன்று.

அறையின் நடுவில், எங்கும் போகாத சைக்கிள் ஒன்று நின்றது. ரத்தம் உறைவதற்கான ஊசியை முட்டை காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் முட்டிகளை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. மார்பில் ஒயர்களை ஒட்டினார். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை மாட்டினார்.

"மிதிக்க மிதிக்கப் பெடல் கனமாகும். மூட்டு வலிச்சாலோ, இனிமே முடியலேன்னாலோ 'போதும்'னு சொல்லு. உடனே நிறுத்திடுவேன். என் கண்ணு திரையில இருக்கும், காது உன்கிட்ட இருக்கும்."

முட்டை மிதித்தான். நன்றாகத்தான் போனது. நெற்றியில் முதல் வியர்வைத் துளி எட்டிப் பார்த்தது.

"போதும்!"

டாக்டர் சட்டென்று நிறுத்தினார். "அதுக்குள்ளயா?"

முட்டை முகமூடியை விலக்கினான். "நான் சொல்லல டாக்டர்."

நாற்காலியில் இருந்த அம்மா கைப்பையைத் துழாவினார். "வியர்த்துதே... வாயில வந்துடுச்சு."

"வியர்க்கத்தாம்மா மிதிக்கச் சொன்னேன்."

மூச்சு அடங்கியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை அவன் புஸ்ஸென்று மூச்சுவிட்டான்.

"ஐயோ, போதும்!"

சைக்கிள் மறுபடி நின்றது. "நீங்க வெளியே உட்காருங்கம்மா," என்றார் டாக்டர். "இன்னும் ஒரு தடவைதான் பார்க்கலாம். அதுக்கு மேல கால் களைச்சு, அளவு தப்பா வரும். தப்பான அளவை வச்சு நீச்சலுக்கு அனுப்ப மாட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. வெளியே போனால் கதவில் காதை ஒட்டிக்கொண்டு தவிப்பார் என்று முட்டைக்குத் தெரியும். போன தடவை முட்டி வீங்கியபோது விடிய விடிய ஐஸ் ஒத்தடம் கொடுத்தவர் அம்மாதான்.

"அம்மா இருக்கட்டும் டாக்டர். வார்த்தையை மாத்திடலாம். அம்மா வாயில வரவே வராத வார்த்தை."

"அப்படி என்ன இருக்கு?"

"'ஓட்டு.' சைக்கிள் ஓட்டுன்னு எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்ல."

"வாஸ்தவந்தான்," என்றார் அம்மா.

"சரி. 'ஓட்டு'ன்னா நிறுத்துவேன்," என்றார் டாக்டர், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக.

"அம்மா, நீ என் முட்டியையே பாரு. வீங்குனா மட்டும் கத்து."

அம்மா முட்டியை முறைத்துப் பார்த்தார். முட்டி மேலே போனது, கீழே வந்தது. வீங்கவில்லை. பெடல் கனத்தது. வேகம் தளர்ந்தது. முட்டை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வேகமெடுத்தான். அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஓட்டுடா! அப்படித்தான்! ஓட்டு!"

டாக்டரின் கை பொத்தானை நோக்கிப் பாய்ந்தது. முட்டை ஒரு கையை எடுத்து, 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டினான். டாக்டரின் கை அந்தரத்திலேயே நின்றது.

சைக்கிள் நிற்கவில்லை. தொடை எரிந்தது. மூச்சு ரயில்போல இரைந்தது. மூட்டில் வலி இல்லை. இன்னொரு மிதி. இன்னும் ஒன்று. பிறகு கால் உண்மையிலேயே கைவிரித்துவிட்டது.

"போதும்."

டாக்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் தூக்கினார். "சத்தியமா நான் இல்ல!"

"நான்தான்," என்றது முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் படித்தார். "நெஞ்சு நல்லா இருக்கு. மூட்டும் நல்லா இருக்கு. காலுக்குத்தான் பலம் பத்தல. அது நோய் பண்ணின வேலை இல்ல, உட்கார்ந்தே இருந்ததால வந்த வினை. நீச்சல்ல சேர்த்துவிடுங்க. ஊசியை மட்டும் விட்டுடாதீங்க."

"தினமும் போகணுமா?" என்று கேட்டார் அம்மா.

"வாரத்துக்கு மூணு நாள் போதும்."

முட்டை முகமூடியைக் கழற்றினான்.

"டாக்டர், அந்த வார்த்தையை இனிமே நான்தான் சொல்வேன்."