பெரட்டுக்கு வந்தவர்கள்

சுற்று முடிந்த பிறகு ஓர் அடி கூடுதலாக விழுந்தது.

வினோதா குமிழிலிருந்து விரலை எடுத்தாள். பெட்டியின் சின்ன விளக்குகள் வழக்கம்போல இடமிருந்து வலமாக எரிந்து அணைந்தன. ஸ்பீக்கரில் தப்பு மேளத்தின் அடிகள் விழுந்து முடிந்து, ஒரு மூச்சுக்கு மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள், ஈரச் சாக்கைத் தரையில் வைப்பதுபோல, மெத்தென்று இன்னொன்று. அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை.

பிற்பகல்தான். ஆனாலும் பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில் மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பிற்பகலுக்கும் அந்திக்கும் வித்தியாசம் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே, தோட்டத்து ஆட்களுக்குக் காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக்களம் பாதி தெரிந்தது, பாதி வெள்ளையாய்க் கரைந்திருந்தது.

பெட்டி, தம்பி கிஷாந்த் கட்டிய மொடியூலர் சிந்தசைசர். பழைய தேயிலைப் பெட்டியின் பலகையில் கூடு. உள்ளே வரிசையாகத் தகடுகள்: ஒன்று ஒலியைப் பிறப்பிக்கும், ஒன்று அதை அரித்தெடுக்கும், ஒன்று எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும். எந்த வயரை எதில் செருகுகிறோமோ அதுதான் பாட்டு. பிடுங்கிவிட்டால் அந்தப் பாட்டு திரும்ப வராது. கொழும்பில் ஒரு மேடையில் அக்காளும் தம்பியும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், அவன் வயர்களைச் செருக, அவள் குமிழ்களைத் திருக. இப்போது அதில் இருப்பது அவன் கடைசியாகச் செருகிய வயர்கள். ஒரு வருஷமாக அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அடியோ அப்பா ஆண்டியப்பனுடையது. அவருடைய தப்புத் தோலில் காசு அளவு மைக்கை ஒட்டி, கை விழும் கணக்கைக் கிஷாந்த் பெட்டிக்குள் ஏற்றியிருந்தான். அந்த மைக் காற்றில் வரும் சத்தத்தை எடுக்காது. அது ஒட்டியிருக்கும் பொருளை ஏதாவது தொட்டால்தான் எடுக்கும். போன வருஷம் மண் சரிந்து கீழ் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் போனபோது இருவரும் உள்ளே இருந்தார்கள். அப்பாவின் உடல் கிடைத்தது. கிஷாந்த் கிடைக்கவில்லை. அன்று காலையில் வினோதா பெட்டியைப் பழுதுபார்க்க அட்டன் டவுனுக்குத் தூக்கிப் போயிருந்தாள். மழை என்று தன் சிவப்புச் செருப்பைக் கீழ் லயத்து வாசலில் கழற்றிவிட்டு, தம்பியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.

நாளை முதலாம் ஆண்டு நினைவு. பெரட்டுக்களத்தில் அவள் வாசிக்கப் போகிறாள்.

மேல் லயத்தில் பக்கத்து அறைத் தனுஜா பிளேன்டீயோடு வந்து வாசலில் நின்றாள். கொழுந்து எடுத்த கை இன்னும் கறுத்திருந்தது.

"என்னக்கா, இந்த அடிய இம்புட்டுச் சத்தமா வச்சிருக்கீங்க? ஆளுங்க கூடையத் தூக்கிட்டு வந்துறப் போறாங்க."

"ஒத்திகைதான்டி."

"கிஷாந்த் ஒரு போயா லீவு அன்னைக்கு வெளயாட்டுக்கு இத அடிச்சான்ல, ஞாபகமிருக்கா? எங்கம்மா பல்லுகூட வெளக்காம ஓடி வந்து நின்னுச்சு. வந்து நின்னாச்சு, பேரு போட்டாத்தான் போவேன்னு ஒரே சண்டை. கடைசியில ஆண்டியப்பன் மாமாதான் எல்லாரு பேரையும் வாசிச்சு அனுப்புனாரு."

வினோதா சிரித்தாள். வேலைக்குக் கூப்பிட ஹோர்ன் வருவதற்கு முன் அப்படித்தான். பெரட்டு அடி விழுந்தால் ஆள் வந்து வரிசையில் நிற்கும். பெயர் வாசித்தால்தான் அன்றைய பேர் பதிவாகும், அன்றைய கூலி கிடைக்கும். வாசிக்காமல் யாரும் கலைய மாட்டார்கள்.

"எழவுக்கு வேற அடி இருக்குல்லக்கா? அது இல்லியா இதுல?"

"அப்பா கையில இது ஒன்னுதான் மிஞ்சியிருக்கு."

தனுஜா கோப்பையை வைத்துவிட்டு, தாவணி நுனியால் கையைத் துடைத்தபடி போனாள்.

வினோதா மறுபடி ஓடவிட்டாள். சுற்று. மௌனம். மெத்தென்று ஓர் அடி. இந்த முறை அதன் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொன்று. மின்சாரம் சரியில்லை என்று நினைத்தாள். ஸ்பீக்கர் வயர் ஈரம் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு மைக்கின் வயரைக் கண்ணால் தொடர்ந்து போனாள். மைக்கை அவள்தான் சும்மா பின்சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அந்தச் சுவருக்கு அப்புறம் அறை இல்லை, பாதை இல்லை. வெட்டிய மலை மட்டும், கூரை உயரத்துக்கு மண்.

மண்ணுக்குள்ளிருந்து எதுவோ சுவரைத் தொடுகிறது.

அவளுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆசை. மைக்கின் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய் வாயை வைத்துக் கேட்டாள்.

"கிஷாந்த்?"

ஓர் அடி. உடனே. அவள் பேர் சொன்ன இடத்துக்கு நேர் எதிரில்.

"தம்பி, நீயாடா?"

அடி. அவள் நெற்றியைச் சுவரில் வைத்து அழுதாள். சிமெந்து குளிர்ந்து ஈரமாக இருந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது, அடி ஒரே இடத்தில் விழவில்லை. அடுப்புப் பக்கம் ஒன்று. கதவுப் பக்கம் ஒன்று. கூரைக்குக் கீழே, உயரத்தில், ஒன்று. சுவரின் நீளம் முழுக்க. கனமாக. சேறு ஒட்டிய பாதங்கள் போல. சுவரைக் கடந்து, பக்கவாட்டில் நகர்ந்து, களத்தைப் பார்த்து.

பச்சை மண்ணின் வாடை. அழுகிய கொழுந்தின் வாடை.

அப்பாவின் கை ஸ்பீக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. வாங்க. வாங்க. வாங்க.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பெட்டிக்கு ஓடினாள். வயர்களைப் பிடித்தாள். பிடுங்கினால் பாட்டு போய்விடும். அவன் விரல் கடைசியாய்ச் செருகியவை. சுற்று மறுபடி தொடங்கியது.

பிடுங்கினாள்.

ஒன்று. இன்னொன்று. கொத்தாக. எல்லாம்.

விளக்குகள் அணைந்தன. அடி நின்றது.

சுவரிலும் சத்தம் இல்லை.

அப்போதுதான் பார்த்தாள்.

பனிமூட்டத்துக்குள் பெரட்டுக்களத்தில் வரிசை நின்றது. கீழ் லயம் முழுக்க. தலையிலிருந்து கால்வரை ஒரே மண் நிறம். கூடைகளிலிருந்து சேறு ஒழுகியது. அப்பாவின் சாய்ந்த தோள் தெரிந்தது. ஓராள் தள்ளி, கிஷாந்த். வெறுங்காலோடு.

அடி நின்றுவிட்டது. வரிசை கலையவில்லை. யாரும் இன்னும் பேர் வாசிக்கவில்லை.

வாசிக்க வாயைத் திறந்தாள். அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஓராள் நிற்கும் இடம் விட்டிருந்தது.

அந்த இடத்தில், அவளைப் பார்த்தபடி, சேறு நிறைந்த ஒரு சோடி சிவப்புச் செருப்பு.