திருத்திய வானம்

செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்த அந்த ஊரில், மாலைதோறும் வானத்தை வரைவது குழந்தைகளின் வேலை. தரையில் நின்று ஒளித்தூரிகையை அசைத்தால் போதும், மேலே கூரையில் நிறம் மெல்லப் பரவும். வெறும் கூரையைப் பார்த்து வளர்ந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பேச்சும் கணக்கும் தாமதமாகவே வந்தன. வரைய விட்டதும் சரியாயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை.

தமயந்தியின் மகள் பவழத்துக்கு ஆறு வயது. 'அம்மா', 'தண்ணி', 'போ' என்று ஒற்றைச் சொற்களோடு நிறுத்திக்கொள்வாள். மகள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்டுவிட வேண்டுமென்று தமயந்தி ஏங்கினாள். தூரிகை கைக்கு வந்த முதல் மாலை, பவழம் பச்சை நிலா ஒன்று வரைந்தாள். அதற்கு மூன்று கால்கள்.

"மேல என்ன, தவளையா செத்துக் கிடக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தமயந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே 'திருத்தி' ஒன்றை வாங்கித் தூரிகையில் பொருத்தினாள். பிள்ளை என்ன நினைத்து இழுக்கிறது என்று ஊகித்து, கோட்டை அழகாக்கிக் கொடுக்கும் சின்னக் கருவி. மற்ற பெற்றோர் சும்மா இருப்பார்களா? எல்லோரும் வாங்கினார்கள். அதன்பின் வந்த வானங்களைச் சொல்லி மாளாது. ஊதா மேகங்கள் கனவில் வருவதுபோல மிதந்தன, மயில் நிறத்தில் அந்தி இறங்கியது. ஜனங்கள் பாய் விரித்து அண்ணாந்தபடியே சாப்பிட்டார்கள், குழம்பு சட்டையில் சிந்தியதுகூடத் தெரியாமல்.

ஓராண்டு கழித்து, ஓவிய ஆசிரியர் இருதயராஜ் தமயந்தியை அழைத்து, பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை அளக்கும் வளர்மானியைக் காட்டினார். பவழத்தின் முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வாரம் தவறாம வரையிறாளே சார்."

"வரையிறது அவ இல்லம்மா. தப்பாப் போட்டு, பாத்து, யோசிச்சு, மாத்திப் போடுறதெல்லாம் திருத்திதான். அதையும் இதுல வெச்சுப் பாத்தேன்." அவர் திருத்தியின் பதிவுக்கு மாற்றியதும் முள் மறுகோடிக்குப் போய் நின்றது. "நேத்து என்கிட்டயே கேக்குது, வானத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு."

தமயந்திக்கு அழுகை வந்தது. அன்று மாலையே திருத்தியைக் கழற்றிவிட்டு வெறும் தூரிகையை மகளிடம் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் அதற்குள் வரைந்துவிட்டிருந்த பொன் அந்தியின் நடுவே, பழுப்பாக ஒரு கோடு நெளிந்து, நடுங்கி, பாதியில் நின்றது.

பவழம் தூரிகையை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு தாயின் புடவையை இழுத்து, திக்காமல் திணறாமல் சொன்னாள்.

"யாரோ நம்ம வானத்தக் கெடுத்துட்டாங்கம்மா."