செவ்வாய்க்கிழமை தள்ளிய வள்ளம்

செவ்வாய்க்கிழமை ஜேம்ஸ்டவுன் கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளுகிறவன் ஒன்று முழுக் குடிகாரனாக இருக்க வேண்டும், இல்லை கடலே இல்லாத ஊரிலிருந்து வந்த குமாசிக்காரனாக இருக்க வேண்டும். அடுசேய் இரண்டாவது ரகம்.

கலங்கரை விளக்கத்தைப் படம் பிடிக்க, போட்டோ ஸ்டுடியோ கூட்டாளி துவுமாசியோடு வந்திருந்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு வானத்தைத் தொடும் கோபுரம்... அதன் காலடியில் ஒரு வள்ளம் அலையில் ஆடினால்? ஆசை யாரை விட்டது! இருவரும் தள்ளினார்கள்.

"யோவ்! கையை எடுங்கய்யா!"

ஓடார்லே. வள்ளத்துக்காரர் லான்டேயின் ஒரே மகள். தலையில் சுட்ட மீன் தட்டு, கண்ணில் நெருப்பு.

"செவ்வாய்க்கிழமைன்னா கடலுக்கு ஓய்வு, யாரும் வள்ளம் இறக்கக் கூடாது. மீனே நிம்மதியாத் தூங்குது. எழுப்ப நீங்க யாரு?"

"ஒரே ஒரு போட்டோதாங்க..."

"குமாசிக்காரங்களுக்குக் கடலும் குளமும் ஒண்ணுதான் போல!"

அடுசேய் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டு வாங்குகிறவன் இப்படியா மலர்ந்து நிற்பான்...

விஷயம் லான்டே காதுக்குப் போனது. எதிர்வீட்டில் இருக்கும் நான் சொல்லவில்லை, என் அக்கா சொன்னாள். மனிதர் கொதித்துப்போய்க் கரைக்கே வந்துவிட்டார்.

"சாயங்காலம் ஜின் பாட்டிலோட வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும். அதுக்கப்புறம் உங்க நிழல்கூட இந்தக் கரையில விழக்கூடாது!"

அவர் தலை மறைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லை. மூவரும் கலங்கரை விளக்கத்துக்குள் ஓடினார்கள். துவுமாசி முதல் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். மற்ற இருவரும் ஏறினார்கள். மேலே நடந்ததை ஓடார்லேயிடம் கென்கே என்கிற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் கொடுத்துத்தான் கறந்தேன்.

உச்சியில் கதவைத் திறந்தாள்.

கடல்... கடல் மட்டும். ஒரு வள்ளம் இல்லை, ஒரு வலை இல்லை. மழைத்திரை விலக விலக, வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் அடிவானம் வரை ஒளி நடந்து போனது. கோபுரமே மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது. அடுசேய் கேமராவைக் கீழே இறக்கினான்.

"போட்டோ எடுக்கலியா?"

"பயமா இருக்குங்க... எடுத்தா சின்னதாயிடும்."

ஓடார்லே தனக்குள் கேட்டுக்கொண்டாள்: இதன் நிழலில் பிறந்து வளர்ந்தவள் நான்... ஒருநாளாவது இப்படி வாயடைத்து நின்றிருக்கிறேனா? ஈரம் சொட்டும் அவன் இமைகளைப் பார்த்தாள். இவன் இனி வரவே கூடாதாமே... நெஞ்சு ஏனோ வலித்தது.

சாயங்காலம் லான்டே வீட்டு முற்றத்தில் பாதித் தெரு கூடியிருந்தது. மீதிப் பாதி என் சன்னலில்.

இந்த ஊரில் தப்புக்கு முதல் காரணமானவன் நேரே பேசுவது முறையில்லை. கூட்டாளிதான் பேச வேண்டும். துவுமாசி ஜின் பாட்டிலை நீட்டினான். பாவம், பெரியவர்கள் முன்னால் பேச அவனுக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று. அண்ணன்மாருக்கு இதே போல ஜின் பாட்டிலோடு பெண் கேட்கப் போனபோது சொன்னது.

"பெரியவரே... இந்த வழியா வந்தோம். உங்க தோட்டத்துல அழகான பூ ஒண்ணு பாத்தோம். பறிச்சுக்க அனுமதி கேட்டு..."

துவுமாசி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லான்டே, அடுசேயின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ வள்ளத்துக்கு மன்னிப்புக் கேக்க வந்தியா, என் பொண்ணைக் கேக்க வந்தியா?"

'தப்பாகச் சொல்லிவிட்டான்' என்றால் போதும். பஸ் பிடித்துப் போய்விடலாம். அடுசேய் ஓர் அடி முன்னால் வந்தான்.

"வள்ளத்துக்குத்தான் வந்தோம், ஐயா... ஆனா அவன் சொன்னது பொய்யில்ல."

எனக்கே புல்லரித்தது!

லான்டே அவனைத் தலைமுதல் கால்வரை அளந்தார். பிறகு, பாட்டிலை வாங்கினால் சம்மதம் என்ற வழக்கப்படி மகளைக் கூப்பிட்டார். "ஓடார்லே, இந்தப் பாட்டிலை வாங்கட்டுமா, திருப்பிக் குடுக்கட்டுமா?"

அவள் இமைகள் தாழ்ந்தன. நிமிர்ந்தபோது அங்கே நெருப்பில்லை...

"வாங்கிக்கோங்கப்பா. ஆனா இது பூவுக்குத்தான் சரியாப்போச்சு. வள்ளத்துக்குத் தனியா இன்னொரு பாட்டிலோட... அவரை மறுபடி வரச் சொல்லுங்க."