இரண்டு ஊர்களில் செத்தவள்

கிளாங் ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் ரயிலைவிட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. புனிதவதி குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவளுக்கு வெயிலைவிட மனிதர்கள்மேல்தான் பயம். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள் என்று தெரிந்தால், அவளுடைய அப்பா தம்பர் எங்கள் இருவரின் தோலையும் உரித்துவிடுவார். தேவாலயத்தில் தையல் சாமான் விற்பனை என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தோம். பொய்யை யோசித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிற அதே மார்க்கிரட் டீச்சர்.

அது முப்பத்தொன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் எங்கள் இருவரிடம்தான் முதலில் வந்து கேட்பார்கள். இறகைப் பார்த்து, எச்சில் இலையைப் பார்த்து, திருடனை நாங்கள் பிடித்தும் கொடுத்திருக்கிறோம். அந்தத் தலைக்கனம் எங்களுக்கு நிறையவே உண்டு.

ஆனால் இது கோழி விவகாரம் அல்ல.

மாப்பிள்ளை கார்த்திகேசு கிளாங்கில் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க். தாரமிழந்தவர். முதல் மனைவி இராசம்மா பதினொரு வருஷத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்குப் போன இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று கிளாங்கில் எல்லோரும் சொல்வார்கள். போன மாதம் என் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தார். அவர் இராசம்மாவின் ஊர்க்காரர். கல்யாணப் பேச்சு காதில் விழுந்ததும் திடுக்கிட்டுப்போனார்.

"அந்தப் பெட்டை கிளாங்கிலை அல்லோ செத்தவள்! பிள்ளையின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கக்கூட ஏலாமல் போச்செண்டு தாய் குழறினவ."

கிளாங்கில் கேட்டால் அவள் யாழ்ப்பாணத்தில் செத்தாள். யாழ்ப்பாணத்தில் கேட்டால் கிளாங்கில் செத்தாள். நடுவில் ஒரு கடல் கிடந்தது. அதைத் தாண்டி வந்து யாரும் விசாரிக்கவில்லை.

தம்பரிடம் சொல்லிப் பார்த்தோம். பெண்களின் வாய்க்கு வேறு வேலை இல்லை என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, அடுத்த வாரம் தாலி.

"சாட்சி வேணும் மார்க்கிரட்," என்றாள் புனிதம். "கையிலை கொண்டுபோய்க் காட்டினால்தான் ஐயா நம்புவார். இல்லாட்டி நான் அந்த வீட்டிலைதான் படுத்தெழும்ப வேணும்."

அந்த வீடு ஆற்றோரத்தில் தனியாக நின்றது. தகரக் கூரை, கறுப்புச் சாயம் பூசிய பலகைச் சுவர்கள், பின்னால் ஒரு பெரிய மங்குஸ்தான் மரம். கார்த்திகேசு அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வேலையாகப் போயிருப்பதை முன்பே விசாரித்து வைத்திருந்தோம். அடுக்களைக் கதவைத் திறந்தவள் சமையலுக்கு வந்து போகிற மாரியாயி. ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தோம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புனிதத்தையே பார்த்தாள்.

"நீங்கதான் பொண்ணாம்மா?"

புனிதம் தலையாட்டினாள்.

"பாத்துட்டுச் சுருக்கா கெளம்பிருங்க. மழ வந்தா நான் இந்த வீட்டுக்குள்ள நிக்க மாட்டேன்."

"ஏன்?"

மாரியாயி குரலைத் தாழ்த்தினாள். "பின்னால யாரோ குளிக்கிற சத்தம் கேக்கும்மா."

பின்கட்டின் கோடியில் இருந்த குளியலறையைக் காட்டினாள். கதவின் குறுக்கே இரண்டு பலகைகள் வைத்து ஆணி அடித்திருந்தது. கதவுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. உள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்ததாம். அதில் பாம்பு வந்தது என்று சொல்லி, விளிம்புவரை சிமெண்ட் கொட்டி மூடிவிட்டாராம் ஐயா. அவள் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்த சங்கதி. அவர் வெளியே குழாயடியில்தான் குளிக்கிறார், மழை நாளில் குளிப்பதே இல்லை.

நானும் புனிதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிமெண்டைச் சுரண்டிக் கொண்டுபோய்த் தம்பரிடம் காட்ட முடியாது. அதனால் படுக்கையறைக்குப் போனோம்.

அலமாரியில் கார்த்திகேசின் வெள்ளைக் கோட்டுகள் விறைப்பாகத் தொங்கின. அவற்றுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, பூட்டு இல்லை. திறந்ததும் கற்பூர வாசனை வந்தது. உள்ளே அரக்குச் சிவப்பில் கனத்த பட்டுச் சேலை ஒன்று மட்டும் இருந்தது.

புனிதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது கூறையடி, மார்க்கிரட்."

நான் வேதக்காரி. எங்களில் மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலைதான். கூறை என்றால் இந்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கொடுத்து, பெண் உடுத்திக்கொண்டு தாலி கட்டிக்கொள்ளும் சேலை என்ற அளவில் எனக்குத் தெரியும். மீதியைப் புனிதம் சொன்னாள். புருஷன் இருக்கும்போது பெண்சாதி செத்தால், அரப்பு வைத்துக் குளிப்பாட்டி, அந்தக் கூறையைத்தான் உடுத்தி அனுப்புவார்கள். அது அவளோடு நெருப்பில் போய்விடும்.

"ஊருக்குக் கப்பலேறினவள் இதை விட்டிட்டுப் போகமாட்டாள். இஞ்சை முறையாச் செத்திருந்தால் இது இப்ப சாம்பல். ரெண்டும் நடக்கேல்லை." அவள் பட்டைத் தடவினாள். "உடுப்பைக் கிடுப்பையெல்லாம் ஒளிச்சவன் இதை மட்டும் விட்டிட்டான். பட்டெல்லோ, எறிய மனம் வரேல்லைப் போலை. செத்தவளுக்கு உடுத்திறது பொம்பிளையளின்ரை வேலை. ஆம்பிளைக்கு அது நினைப்பிலை வராது."

எனக்குச் சந்தோஷத்தில் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தம்பரின் கண்முன்னால் இந்தச் சேலையை விரித்தால் போதும். சடங்கு முறை தெரிந்த மனிதர், அடுத்த நிமிஷமே கல்யாணத்தை நிறுத்திவிடுவார். கூறையை மடித்து என் பையில் திணித்தேன்.

அப்போது வெளிச்சம் போய்விட்டது.

கிளாங்கில் மத்தியான மழை அப்படித்தான் வரும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று வானம் கறுத்துக் கொட்டித் தீர்க்கும். தகரத்தில் விழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுக்களையை எட்டிப் பார்த்தேன். மாரியாயி போய்விட்டிருந்தாள். கதவு திறந்தபடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

மழை இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

செம்பால் மொண்டு, ஊற்றுகிற சத்தம்.

மறுபடியும் மொண்டு, ஊற்றுகிற சத்தம். அவசரமில்லாமல், தலைக்குக் குளிப்பவள் முடியை அலசி அலசி ஊற்றுகிற மாதிரி.

"கூரை ஒழுகுது," என்றேன். நானே அதை நம்பவில்லை.

புனிதம் பின்கட்டுக்கு நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஆணி அடித்த கதவுக்கு முன்னால் நின்றோம். எண்ணெயும் அரப்பும் கலந்த வாசனை எழுந்தது. அதற்கு அடியில் சேற்று வாடை.

"செத்த வீட்டு மணம்," என்று புனிதம் முணுமுணுத்தாள். "அவளை ஒருத்தரும் குளிப்பாட்டேல்லை. தானே குளிக்கிறாள்."

ஊற்றுகிற சத்தம் நின்றது.

கதவுக்கு மேலே இருந்த இடைவெளியில் ஒரு கை வந்தது.

ஈரமான, மெலிந்த பெண் கை. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அது எங்களைப் பிடிக்க வரவில்லை. உள்ளங்கையை விரித்து, இரண்டு முறை அசைத்தது. குளித்து முடித்த பெண் வெளியே நிற்பவளிடம் மாற்றுச் சேலை கேட்பாளே, அதே அசைவு.

புனிதம் என் பையிலிருந்து கூறையை இழுத்தாள். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாட்சியடி! இதை விட்டால் உனக்கு வேறை வழியில்லை."

"தெரியும்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஆனால் இது அவளின்ரை. குளிச்சிட்டு நிக்கிறவளை எவ்வளவு காலமடி நிக்க வைக்கிறது?"

அவள் கூறையை உயர்த்தி அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடின. பட்டு சரசரவென்று இடைவெளிக்குள் போய் மறைந்தது.

முன்வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

கார்த்திகேசு நனைந்த குடையோடு உள்ளே வந்தார். துறைமுகத்தில் காலையிலேயே மழை பிடித்துத் தோணிகள் ஓடவில்லை, வேலை நின்றுவிட்டது என்று அவராகவே சொன்னார். எங்களைக் கண்டு அதிர்ச்சி அடைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பிக் கதவைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"வாங்கோ ரீச்சர். புனிதம், இருங்கோ. தேத்தண்ணி குடிச்சனியளோ?"

திறந்து கிடந்த அலமாரியை அவர் கண் கண்டுகொண்டது.

"அந்தப் பெட்டிக்குள்ளை இருந்தது எங்கை?"

"உடையவளிட்டைக் குடுத்திட்டன்," என்றாள் புனிதம்.

அவர் மெதுவாகச் சிரித்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அடுக்களைக் கதவையும் சாத்தித் தாழிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை வந்தது ஆருக்கும் தெரியாது, என்ன?"

என் கெட்டிக்காரப் பொய் நினைவுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் நாங்கள் தேவாலயத்தில் இருந்தோம். எங்களையும் நாளைக்கு யாராவது தேடினால், இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு விதமாகச் சொல்லலாம். அவர் அடுப்படியில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார்.

பின்கட்டில் பட்டு உதறுகிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. யாரோ பொறுமையாகக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகேசின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஆர் உள்ளை?"

அவர் எங்களை மறந்துவிட்டு, கம்பியோடு பின்பக்கம் ஓடினார். பலகைகளை நெம்பிப் பெயர்க்கிற சத்தம், ஆணிகள் கழன்று தரையில் விழுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம்.

பிறகு அவர் குரல். கோபமாக இல்லை. யாரிடமோ நியாயம் சொல்கிற குரல்.

"இராசம்மா, நான் சொல்லுறதைக் கேள். இராசம்மா..."

அதன்பின் மழை மட்டும் கேட்டது. நாற்காலியில் கிடந்த கோட்டில்தான் சாவி இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். அது எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவர் வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிந்தது. முகத்தில் அரப்பு அப்பியிருந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை. சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, செருப்பு இல்லாமல் மழையில் இறங்கிப் போலீஸ் ஸ்டேஷன்வரை நடந்தார். நாங்கள் தூரத்தில் பின்னால் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் போலீஸ்காரரிடம் அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"உடுத்து முடிச்சிட்டாள். வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

மறுநாள் தொட்டியை உடைத்தார்கள். சிமெண்டில் ஒரு கீறல்கூட இல்லை, பெயர்க்க அரை நாள் பிடித்தது என்றார்கள். அடியில் எலும்புகள் இருந்தன. அவற்றைச் சுற்றி அரக்குச் சிவப்புக் கூறை, கொசுவம் கலையாமல், கற்பூர வாசனையோடு. கொன்றவனே சேலையையும் சுற்றிப் புதைத்திருக்கிறான் என்று போலீஸார் முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் திருத்தவில்லை. ஏன் கொன்றான் என்று விசாரித்ததற்கு, ஊருக்குப் போகவேண்டும் என்று தினமும் அழுதாள், அழுகை பிடிக்கவில்லை என்றானாம். அவனுக்கு அதற்குமேல் மரியாதை கொடுத்து எழுத என்னால் முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் கூடி அவளை முறையாக அனுப்பினார்கள். தம்பர் நெருப்பின் முன்னால் நின்று குழந்தைபோல அழுதார்.

இரண்டு வருஷம் கழித்துப் புனிதத்துக்கும் பள்ளிக்கூட வாத்தியார் சண்முகரத்தினத்துக்கும் கல்யாணம். நல்ல மனிதர், நாங்கள் இருவரும் மூன்று மாதம் துருவித் துருவி விசாரித்த மனிதர். மணவறையில் கூறையைக் கொடுத்து, உடுத்திவரச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் கூறை உடுத்தத் தெரியாது. தெரிந்த பெண்களை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அறைக்குள் கதவடியில் காவல் நின்றேன். புனிதம் சுவரைப் பார்த்தபடி, முதுகு காட்டி நின்றாள். அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"எப்பவடி பழகினனீ?" என்றாள் அவள். "கொசுவம் எவ்வளவு வடிவா வருது. ஆனால் மார்க்கிரட், உன்ரை கை ஏன் இப்பிடிக் குளிருது?"

அவளுடைய இடுப்பில் சிவப்புப் பட்டு, மடிப்பு மடிப்பாகத் தானே சேர்ந்துகொண்டிருந்தது.

வெளியே பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. அவள் முழுவதும் உடுத்தி முடிக்கட்டும் என்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.